மகளுக்கு 18 ஆக நான்கு மாதம்தான், என் ஓத் தேதி இன்னும் வரவில்லை: அவளுக்கும் சிட்டிசன்ஷிப் கிடைக்குமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் என் என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) நேர்காணல் போன வாரம் முடிந்தது. பாஸ் என்று தாள் கொடுத்துவிட்டார்கள், ஓத் (குடியுரிமை உறுதிமொழி) எடுக்கும் தேதி தபாலில் வருமாம்.

மகளுக்கு வரும் நவம்பர் 20-ம் தேதி 18 வயது நிறைகிறது. மகனுக்கு 12. இருவரும் மதுரையில் பிறந்தவர்கள், 2020 முதல் கிரீன் கார்டு, எங்களோடுதான் இருக்கிறார்கள். மனைவிக்கும் கிரீன் கார்டுதான். அவர் இன்னும் என்-400 போடவில்லை.

நான் ஒருவன் சிட்டிசன் ஆனால் போதுமா, மனைவியும் ஆக வேண்டுமா? பிள்ளைகளுக்கு என்-600 (குடியுரிமைச் சர்டிஃபிகேட் கேட்கும் படிவம்) போட்டால்தான் சிட்டிசன்ஷிப் வருமா? ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. மகளுக்கு 18 ஆவதற்குள் அந்தச் சர்டிஃபிகேட் கைக்கு வந்தாக வேண்டுமா?

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. என் கிரீன் கார்டில் பெயர் வர வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய என்-400-லேயே பெயர் மாற்றமும் கேட்டிருக்கிறேன். மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு மட்டும்தான் இருக்கிறது.

தாள்கட்டு:

சம்பந்தம் உண்டா என்று கடைசியில் கேட்டீர்களே, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஓத் இரண்டு வகை. ஒன்று யூஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை, குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அலுவலகம்) தானே நடத்துவது. மற்றது நீதிமன்றத்தில் நீதிபதி முன் நடப்பது. பெயரை மாற்றித் தரும் அதிகாரம் யூஎஸ்சிஐஎஸ்ஸுக்குக் கிடையாது, நீதிபதிக்குத்தான் உண்டு. ஆகவே பெயர் மாற்றம் கேட்ட விண்ணப்பம் நீதிமன்ற வரிசைக்குப் போய்விடும். நீதிமன்றம் எல்லா ஊரிலும் வாரா வாரம் ஓத் நடத்துவதில்லை. உங்களுக்கு நான்கு மாதம்தான் கெடு. அந்த வரிசையிலேயே கெடு கழிந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

நான் சொல்வது இது: பெயர் மாற்றக் கோரிக்கையை இன்றே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். பெயரைப் பிறகு உங்கள் மாநில நீதிமன்றத்தில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆர்டரைக் காட்டிப் புதுப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கலாம்; உங்கள் குடியுரிமைச் சர்டிஃபிகேட்டிலும் புதுப் பெயர் வேண்டுமென்றால் மாற்றுச் சர்டிஃபிகேட் கேட்கும் என்-565 இருக்கிறது (தாளில் 555 டாலர், ஆன்லைனில் 505). பெயருக்குக் காலக்கெடு இல்லை. மகளின் வயதுக்கு இருக்கிறது.

கடிதத்தில் உங்கள் ஏ-நம்பர் (கிரீன் கார்டில் உள்ள குடிவரவுப் பதிவெண்), நேர்காணல் நடந்த தேதி, மகளின் பிறந்த தேதி மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். "பெயர் மாற்றக் கோரிக்கையைக் கைவிடுகிறேன். நவம்பர் 20-க்கு முன் வரும் யூஎஸ்சிஐஎஸ் ஓத்தில் சேர்க்க வேண்டுகிறேன்" என்று நேராக எழுதுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு இரண்டின் பிரதியையும் இணையுங்கள். நேர்காணல் நடந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். யூஎஸ்சிஐஎஸ் கான்டாக்ட் சென்டரில் கூப்பிட்டும் பதிவு செய்து அந்தக் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அசைவு இல்லையென்றால் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். குடிவரவு வழக்குகளைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஆள் இருப்பார். உங்கள் கோப்பைப் பற்றி விசாரிக்க ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார். தேதியை முன்னுக்குத் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் கெடு இருப்பதே தெரியாத கோப்பை யாரும் தேடி எடுத்து முன்னால் வைக்கமாட்டார்கள். சில மாவட்டங்களில் எல்லா ஓத்தும் நீதிமன்றத்தில்தான். அங்கே பெயர் மாற்றத்தைக் கைவிட்டாலும் வரிசை மாறாது, தேதியை முன்னுக்குக் கேட்பது ஒன்றே வழி.

இனி சட்டம். 2000-ல் வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நான்கு விஷயம் வேண்டும். பெற்றோரில் ஒருவர் சிட்டிசனாக இருக்க வேண்டும். பிறப்பால் ஆனாலும் சரி, ஓத் எடுத்து ஆனாலும் சரி. பிள்ளைக்கு 18 நிறைந்திருக்கக் கூடாது. பிள்ளைக்குக் கிரீன் கார்டு கிடைத்திருக்க வேண்டும். அந்தச் சிட்டிசன் பெற்றோரின் பொறுப்பில், அவரோடு, அமெரிக்காவில் வசிக்க வேண்டும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பது முக்கியமில்லை. கட்டிலின் நாலு காலும் தரையில் ஊன்றுவதுபோல நான்கும் ஒரே நாளில் ஒன்றாக இருந்தால் போதும். அந்த நாளிலேயே பிள்ளை சிட்டிசன். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, பிள்ளை ஓத் எடுக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே உங்கள் மனைவி ஆக வேண்டிய அவசியம் இல்லை. பெற்றோர் இருவரும் ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பழைய சட்டத்தின் விதி. 2001 பிப்ரவரி 27-க்கு முன்பே 18 தாண்டியவர்களுக்குத்தான் அது இன்றும் பொருந்தும். நம் ஆட்கள் பலர் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்டிஃபிகேட் 18-க்குள் வர வேண்டியதில்லை. 18-க்குள் நடக்க வேண்டியது உங்கள் ஓத் மட்டுமே. நேர்காணல் பாஸானது கணக்கில் வராது. ஓத் எடுக்கும் நிமிடம் வரை நீங்கள் சிட்டிசன் இல்லை. நவம்பர் 19-ல் ஓத் என்றால் மகளுக்கு உண்டு. 20-ல் என்றால் இல்லை.

தவறிப்போனாலும் வழி அடைந்துவிடாது. 2020-ல் வந்த கார்டு என்பதால் அவளுக்கு ஐந்து வருடம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. 18 ஆனதும் தன் பெயரில் என்-400 போடலாம்: ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760. ஆங்கிலமும் குடிமைத் தேர்வும் அவளே எழுத வேண்டும். மகனுக்குக் கவலையே இல்லை, உங்கள் ஓத் அன்றே அவனும் சிட்டிசன்.

கோப்புக்காரி:

தாள்கட்டு சார் சொன்னது முழுக்கச் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஓத் 18-க்கு அப்புறம் போயிடுச்சுன்னா, பொண்ணு எங்கேயும் "நான் சிட்டிசன்"னு டிக் பண்ணிடக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் 18 ஆன பிள்ளைகள்கிட்ட வாக்காளராப் பதிவு பண்றீங்களான்னு அதே ஸ்கிரீன்ல கேட்பாங்க. அவசரத்துல ஆமான்னு அழுத்தினா, அது பொய்யாகச் சிட்டிசன்னு சொன்ன குற்றமா மாறி, பிற்பாடு அவளோட என்-400-ஐயும் கிரீன் கார்டையும் சேர்த்தே பாதிக்கும். இதை அவளுக்கு இப்பவே உட்கார்ந்து சொல்லிடுங்க.

அதே மாதிரி தலைகீழாவும் ஒரு தப்பு நடக்குது. உங்க ஓத் மூலமா ஏற்கெனவே சிட்டிசன் ஆயிட்ட பிள்ளைக்கு, 18 ஆனதும் என்-400 போடுறாங்க. சிட்டிசனை மறுபடி சிட்டிசனாக்க முடியாதுன்னு அதை நிராகரிச்சிடுவாங்க, கட்டின காசும் திரும்ப வராது.

இப்போ பேப்பர். நம்ம கருத்து: முதல்ல பாஸ்போர்ட், என்-600 அப்புறம். ரெண்டு பிள்ளைக்கும் டிஎஸ்-11 (பாஸ்போர்ட் விண்ணப்பம்), நேர்ல போய்த்தான் கொடுக்கணும். ஃபாரத்துல முன்கூட்டியே கையெழுத்து போட்டுடாதீங்க, கவுண்டர்ல அவங்க முன்னாடிதான் போடணும். 12 வயசுப் பையனுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 டாலரும் அதை வாங்கிக்கிற அலுவலகத்துக்கு 35 டாலரும், அஞ்சு வருஷம் செல்லும். அவனுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் வர முடியலைன்னா டிஎஸ்-3053 (சம்மதப் படிவம்) நோட்டரி பண்ணிக் கொடுக்கணும். பொண்ணுக்கு 16 தாண்டினதால 130-ம் 35-ம், பத்து வருஷம் செல்லும். பெற்றோர்ல ஒருத்தருக்குத் தெரியும்னு காட்டினாப் போதும். அவசரம்னா ஆளுக்கு 60 டாலர் கூடுதல். போட்டோ 2-க்கு 2 இஞ்ச், கண்ணாடி இல்லாம.

ஒவ்வொரு உறையிலும் இருக்க வேண்டியது: பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், உங்க நேச்சுரலைசேஷன் சர்டிஃபிகேட் (ஓத் அன்னிக்குக் கொடுக்கிறது), பிள்ளையோட கிரீன் கார்டு, உங்க கல்யாணச் சான்றிதழ். அசலும் பிரதியும் ரெண்டுமே வேணும். சர்டிஃபிகேட்டைப் பிரதி எடுத்தா சட்டப்படி தண்டனைன்னு அதிலேயே அச்சடிச்சிருக்கும், அதைப் பார்த்துட்டு நிறையப் பேர் நகல் இல்லாமப் போய் நிக்கிறாங்க. பாஸ்போர்ட் மாதிரி முறையான காரியத்துக்கு எடுக்கிற பிரதிக்கு அது பொருந்தாது. நீங்க கொடுத்த அசல் தாளெல்லாம் பாஸ்போர்ட்டோட சேர்ந்து வராது, தனித் தபால்ல திரும்பும், பயப்படாதீங்க.

உங்க பாஸ்போர்ட்டை மட்டும் காட்டினாப் போதாதான்னு கேட்பீங்க. பொண்ணு விஷயத்துல போதாது. நீங்க சிட்டிசன்னு பாஸ்போர்ட் சொல்லும், *எந்தத் தேதியில* ஆனீங்கன்னு சொல்லாது. அவளுக்கு 18 ஆகுறதுக்கு முன்னாடியே ஆனீங்கங்கிறதுதான் முழு விஷயமும், அது சர்டிஃபிகேட்லதான் இருக்கு. பிள்ளைங்க உங்களோட இருந்தாங்கன்னு காட்டப் பள்ளிக்கூடப் பதிவு, அவங்க பெயர் வர்ற வரித்தாக்கல், வாடகை ஒப்பந்தம் கையில வெச்சுக்கோங்க. சேர்ந்து வாழுற கல்யாணமான பெற்றோர்னா இதுல பெருசாத் துருவ மாட்டாங்க.

இனிஷியல் சிக்கல். பிறப்புச் சான்றிதழ்ல "எஸ். முருகன்", சர்டிஃபிகேட்ல "முருகன் சுப்பையா"ன்னு இருந்தா, இங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது ரெண்டு ஆள். நடுவுல ஒரு பாலம் வேணும். பிள்ளையோட இந்தியப் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அப்பா அம்மா பெயர் முழுசா அச்சாகியிருந்தா அதன் பிரதி, இனிஷியல் விரிச்சு இருக்கிற உங்க பழைய இந்தியப் பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், இது மூணும் சேர்ந்தா நல்லாவே நிக்கும். கூடவே ஒரு பக்கத்துல "எஸ் என்பது என் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, எங்க வழக்கத்துல குடும்பப் பெயர் கிடையாது"ன்னு எழுதிக் கையெழுத்து போட்டு வைங்க. சான்றிதழ்ல பிள்ளை பெயரே இல்லாம "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருந்தா விளக்கக் கடிதம் உதவாது. பதிவு பண்ண மாநகராட்சியிலயோ நகராட்சியிலயோ பெயர் சேர்த்துப் புதுப் பிரதி வாங்கணும். ஊர்ல ஆள் வெச்சு இப்பவே ஆரம்பிங்க. தமிழ்ல மட்டும் இருக்கிற பழைய சான்றிதழ்னா முழு மொழிபெயர்ப்பு வேணும். இரண்டு மொழியும் தெரியும், சரியா மொழிபெயர்த்தேன்னு மொழிபெயர்த்தவர் எழுதி, நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு வாங்கிட்டா பாஸ்போர்ட்டுக்கும் ஆகும், என்-600-க்கும் ஆகும்.

நெய்தல்நிலம்:

இதே இழையில் கேட்கலாமா? ஒரு பையனின் அப்பா சென்ற வருடம் சிட்டிசன் ஆகிவிட்டார், அமெரிக்காவில் இருக்கிறார். பெற்றோர் இருவரும் அங்கேதான். பையனுக்கு 15, கிரீன் கார்டு உண்டு, ஆனால் இரண்டு வருடமாகக் கோவையில் தாத்தா பாட்டியோடு இருந்து படிக்கிறான். அப்பா ஓத் எடுத்தபோதும் அவன் கோவையில்தான். அவனும் சிட்டிசன் என்று வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் போடலாமா?

தாள்கட்டு:

வேண்டாம், அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நாலாவது கால் அவனுக்கு ஊன்றவில்லை.

வசிப்பது என்றால் சட்டத்தில் ஆள் உண்மையில் எங்கே குடியிருக்கிறாரோ அந்த இடம். எங்கே திரும்ப நினைக்கிறார் என்பது அல்ல. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் வசிப்பிடம் மாறாது. இரண்டு வருடம் அங்கே பள்ளியில் சேர்ந்து படிப்பது வேறு. அமெரிக்க ராணுவத்திலோ அரசு வேலையிலோ வெளிநாட்டில் பணிபுரிபவர்களின் பிள்ளைகளுக்கு 2020-ல் ஒரு விலக்கு வந்தது. உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது.

இதைவிடக் கவலை தரும் விஷயம் கிரீன் கார்டு. ரீ-என்ட்ரி பர்மிட் (நீண்ட நாள் வெளியே இருக்க முன்கூட்டியே வாங்கும் அனுமதி) இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால், அந்தக் கார்டைக் காட்டி உள்ளே வர முடியாது. குடியிருப்பைக் கைவிட்டதாகவே கேள்வி வரும்.

வழி இரண்டு. அவன் திரும்பி வந்து பெற்றோரோடு குடியிருக்கப் போகிறான் என்றால், அப்பா இப்போது சிட்டிசன் என்பதால் ஐ-130 (உறவினருக்கான மனு) போட்டுக் குடியேற்ற விசாவில் அழைத்து வரலாம். 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைக்கு வரிசைக் காத்திருப்பு கிடையாது. 18-க்கு முன் அந்த விசாவில் நுழைந்து அப்பாவோடு குடியேறிவிட்டால், நாலு காலும் அன்றே ஊன்றிவிடும்.

கோவையிலேயே படிப்பை முடிக்கட்டும் என்றால் என்-600கே. வெளிநாட்டில், சிட்டிசன் பெற்றோரின் சட்டப்படியான, நேரடிப் பொறுப்பில் வசிக்கும் பிள்ளைக்கானது அது; தாத்தா பாட்டியோடு இருப்பவனுக்குப் பொருந்துமா என்று முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். சிட்டிசன் பெற்றோர் அமெரிக்காவில் மொத்தம் ஐந்து வருடம் உடலோடு இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு வருடம் தன் 14 வயதுக்குப் பிறகு. எச்-1பி வேலை விசாவில் இருந்த நாட்களும் இதில் சேரும், சிட்டிசன் ஆன பிறகு என்று நிபந்தனை இல்லை. அவருக்கு அந்தக் கணக்கு வராவிட்டால், சிட்டிசனான தாத்தா பாட்டியின் நாட்களைக் காட்டலாம். பிள்ளை முறையான விசாவில் அமெரிக்கா வந்து நேர்காணலில் உட்கார்ந்து, 14 தாண்டியவன் என்பதால் ஓத்தும் எடுக்க வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், ஓத் எல்லாமே 18-க்குள் முடிந்தாக வேண்டும். இது தானாக வருவதல்ல, அவர்கள் அனுமதித்தால்தான் வரும். 15 வயதில் தொடங்கினால் நேரம் உண்டு, 17-ல் தொடங்கினால் மூச்சு முட்டும். கட்டணம் என்-600-க்கு உள்ளதேதான்.

வைகைக்கரை:

மனமார்ந்த நன்றி. பெயர் மாற்றத்தைக் கைவிடும் கடிதம் இன்றே போகிறது. இரண்டு சந்தேகம் மட்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டால் என்-600 வேண்டவே வேண்டாமா? டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். பிள்ளைகளை இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்தே கூட்டிப் போய் வரலாமா?

கோப்புக்காரி:

டிசம்பர் முதல்ல. உங்க ஓத் முடிஞ்ச நிமிஷத்துலேர்ந்து பிள்ளைங்க அமெரிக்கர்கள். அமெரிக்கர் இந்த நாட்டை விட்டுப் போகவும் வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வேணும். அந்தப் பக்கம், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்கிறதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை இனிமேல் பயணத்துக்குப் பயன்படுத்தினா அபராதம் வரும். அதனால பாஸ்போர்ட், அடுத்து விஎஃப்எஸ் (இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்குற நிறுவனம்) வழியா இந்தியப் பாஸ்போர்ட்டைச் சரண்டர் பண்றது, அடுத்து ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை), இதே வரிசைதான். சரண்டர் சர்டிஃபிகேட் இல்லாம ஓசிஐ நகராது, மைனர் பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். ஓத் அக்டோபர்ல வந்தா டிசம்பருக்குள்ள ஓசிஐ வரைக்கும் முடியும்னு நம்பி இருக்காதீங்க. டிக்கெட் தேதியை மாத்த முடியுமான்னு இப்பவே கேட்டு வைங்க.

என்-600: தாள்ல 1,385 டாலர், ஆன்லைன்ல 1,335. வருமானம் குறைவுன்னா ஐ-912 போட்டுக் கட்டண விலக்கு கேட்கலாம். இதுக்கு வயசு வரம்பு கிடையாது, 40 வயசுலயும் போடலாம். பாஸ்போர்ட்டும் அதுக்குச் சமமான சான்றுதான். அப்புறம் ஏன் சிலர் போடுறாங்கன்னா, பாஸ்போர்ட் கொடுக்கிறது வெளியுறவுத் துறை, கிரீன் கார்டுப் பதிவு யூஎஸ்சிஐஎஸ்கிட்ட. பாஸ்போர்ட் மட்டும் வாங்கினா யூஎஸ்சிஐஎஸ் கணினியில பிள்ளை இன்னும் கிரீன் கார்டாவே நிற்பான். அந்தப் பதிவைப் பார்க்கிற அலுவலகம் எதுவா இருந்தாலும் ஒரு கேள்வி வரும். அதோட சர்டிஃபிகேட் காலாவதி ஆகாது, பையனோட பாஸ்போர்ட் அஞ்சு வருஷத்துல ஆகும்.

பெற்றோர் பிரிஞ்சு இருக்கிற குடும்பம், பேப்பர் தேடுறது நாளுக்கு நாள் கஷ்டமாகுற குடும்பம், இவங்க கண்டிப்பாப் போட்டுடணும். உங்களுக்கு அவசரம் இல்லை. ஆனா பொண்ணு விஷயம் சில வாரம் முன்னே பின்னே இருக்கிறதால, அவளுக்கு மட்டுமாவது ஒரு வருஷத்துக்குள்ள போட்டு வைக்கலாம்னு நான் நினைக்கிறேன். அந்தச் சர்டிஃபிகேட்ல சிட்டிசன் ஆன தேதின்னு உங்க ஓத் தேதியே அச்சாகும். இப்போதைக்குப் பாஸ்போர்ட் போடும்போதே பாஸ்போர்ட் கார்டும் சேர்த்துக் கேளுங்க: பையனுக்கு 15, பொண்ணுக்கு 30 டாலர். புத்தகம் தொலைஞ்சாலும் கையில ஒரு சான்று இருக்கும்.

தாள்கட்டு:

ஒன்று விட்டுப்போயிற்று. பாஸ்போர்ட் வந்த வாரமே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்-5 படிவம் கொடுத்து இரண்டு பேரின் பதிவையும் சிட்டிசன் என்று மாற்றுங்கள். கட்டணம் இல்லை. மகளுக்குக் கல்லூரி வருகிறது. எஃப்ஏஎஃப்எஸ்ஏ (கல்லூரிக்கான அரசு உதவித்தொகை) படிவத்தில் சிட்டிசன் என்று எழுதினால் அவர்கள் சரிபார்ப்பது சோஷியல் செக்யூரிட்டி பதிவைத்தான். அதில் பழைய நிலையே இருந்தால் பொருந்தவில்லை என்று வந்து, கல்லூரி ஆதாரம் கேட்கும். உதவித்தொகை அதுவரை நிற்கும்.

ஓத் அறிவிப்பு என்-445 வந்ததும் தேதியை இங்கே போடுங்கள். அதன் பின்பக்கத்தில், நேர்காணலுக்குப் பிறகு எதுவும் மாறியதா என்று கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு ஓத் நாளன்று காலையில் பதில் எழுதுங்கள், முந்தைய வாரமே எழுதி வைக்காதீர்கள். வாசலில் அந்தத் தாளையும் கிரீன் கார்டையும் வாங்கிக்கொள்வார்கள். சர்டிஃபிகேட்டைக் கையில் கொடுத்ததும் இடத்தை விட்டு நகராமல் உங்கள் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, ஓத் தேதி மூன்றையும் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், அங்கே திருத்த முடிந்தால் என்-565 வரைக்கும் போக வேண்டியிருக்காது.